வெளியே தெரியாத தையல்

பொன்மாலை நகர்,
பிள்ளைச்சாவடி வழி, புதுச்சேரி.
10 நவம்பர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜோவிதா அக்காவுக்கு,

தங்கை சிந்தியா எழுதுவது. நான் நலம். சகாயசெல்வி அத்தையும் நலம், மழை வந்தால் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்கிறார். நீ நலமா? அந்தப் பக்கம் குளிர் அதிகமா? கன்னியர் மடத்து நவதுறவு இல்லத்தில் போன் கிடையாது, கடிதம்தான் என்று அம்மா உன் விலாசத்தைக் கொடுத்தார்கள். எனக்கும் பேசுவதைவிட எழுதுவது சுலபம். கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று சொல்லியிருந்தாய். அதனால் மதருக்கும் என் வணக்கம்.

நான் நோணாங்குப்பத்தில் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பா என்னை இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்க்கப் பார்த்தார். போய்ப் பார்த்தேன். ஒரே ஹாலில் அவ்வளவு பேர், ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஜுரம். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்றதும் நானே பையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இது ரிட்டையர் ஆனவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வீடு தருவார்கள். என்னை உதவியாள் என்று பதிந்திருக்கிறார்கள். இங்கே ஓடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், ஆனால் ஓட இடமில்லை.

தையல் மிஷினையும் கொண்டுவந்துவிட்டேன். இங்குள்ளவர்களுக்குக் கை தூக்க வருவதில்லை. கொக்கி மாட்ட விரல் வளைவதில்லை. ஜாக்கெட்டைப் பிரித்து பிரஸ் பட்டன் வைப்பது, பேன்ட் இடுப்பில் எலாஸ்டிக் போடுவது என்று வேலை வருகிறது. இதற்கும் விதி இருக்கிறது. பதினான்காம் விதி. வீட்டிலேயே தொழில் செய்யலாம், ஆனால் போர்டு வைக்கக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, கூட்டம் சேரக்கூடாது, தொழில் நடப்பது வெளியே தெரியவே கூடாது. அத்தை படித்துவிட்டு, "என்னாடி இது, திருட்டு வேல செய்யிறவனுக்கு எழுதின மாரி இருக்குது" என்றார். எனக்கு அது எனக்காகவே எழுதினது போல இருந்தது. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். துணியைப் பையில் போட்டு எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். தைத்து அவர்கள் கதவில் மாட்டிவிட்டு வருவேன். மணிகூட அடிப்பதில்லை.

ஒன்று மட்டும். வீட்டில் வசிக்கும் உறுப்பினரே தொழிலைச் செய்ய வேண்டுமாம். அத்தை தன் பெயரில் அனுமதி வாங்கிவிட்டார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், பொத்தான் தைக்கத் தெரியாது.

நீ இன்னும் கோயிலில் பாடுகிறாயா? கன்னியாஸ்திரியாக நீ வார்த்தைப்பாடு கொடுப்பது எந்த மாதம்? சிஸ்டர் சேலையில் உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புத் தங்கை,
சிந்தியா


கொடைரோடு
24 நவம்பர் 2024

கிறிஸ்துவில் அன்புள்ள தங்கை சிந்தியாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் சுகம். நீயும் அத்தையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உன் வணக்கத்தைப் படித்து மதர் சிரித்தார்கள். பதில் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

நீ வேலை செய்வது சந்தோஷம். ஆனால் அத்தையின் பெயரில் நீ தைப்பது சரிதானா என்று யோசி. விதி நம்மைக் கட்டிப்போட அல்ல, காப்பாற்றத்தான். நாங்களும் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுக்கிறோம். பழகிவிட்டது. அப்பா சொல்வதையும் கேட்டு நட.

சாப்பாடு நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் இப்போது எனக்கு வெண்டைப் பாத்தி கொடுத்திருக்கிறார்கள்.

திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து எழுது.

செபத்தில் உன்னை மறவாத,
ஜோவிதா


பொன்மாலை நகர்
5 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள், மதருக்கும் சேர்த்து. எல்லோரும் சுகம். கிறிஸ்துமஸுக்கு நோணாங்குப்பம் போயிருந்தேன். போட் ஹவுஸில் கூட்டம், படகு ஓட்ட ஆள் வேண்டும் என்று அப்பா வீட்டுக்கே வரவில்லை, இருட்டும்வரை படகிலேயே இருந்தார். ஒரே ஒருமுறை என்னிடம் பேசினார். "அத்தைக்கு முட்டி சரியாப் போச்சா" என்றார். சரியாகிவிட்டால் மேட்டுப்பாளையம் என்று அர்த்தம். இன்னும் வலிக்கிறது என்று சொன்னேன்.

இங்கே ஒரு புது வேலை வந்திருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எங்களுக்கு மூன்றாவது வீட்டில் மதாம் லூயிஸ் இருக்கிறார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். பிள்ளைகள் எல்லாம் அங்கே. அத்தையோடு சீட்டு ஆட வருவார். ஆடும்போது அத்தை ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். உயிர் போய் நேரமாகிவிட்டால் கை மடங்காது, அதனால் போட வேண்டிய உடையை முதுகுப் பக்கம் கத்திரியால் கிழித்து முன்பக்கமாகப் போர்த்திவிடுவார்கள் என்று. மதாம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"கிழிப்பாங்களா? என் சாம்பல் கலர் கவுனையா?"

"யார் கவுனா இருந்தாலும் கிழிப்பாங்க மதாம். நானே கிழிச்சிருக்கேன்."

"அது நான் கதீட்ரல்ல பாடறப்ப போட்ட கவுன் செல்வி."

"பெட்டிக்குள்ள முதுகு யாருக்குத் தெரியப்போவுது. சீட்ட எறக்குங்க."

மறுநாள் கவுன் எங்கள் கதவில் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்: 'பெத்தீத், கத்திரி வைக்காத மாதிரி செய்.' பெத்தீத் என்றால் பிரெஞ்சில் சின்னப்பெண், என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அக்கா, மூன்று நாள் அதைத் தொடவில்லை. பிறகு பிரித்தேன். முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை திறந்து, ஓரம் மடித்து, கழுத்திலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ள நாடா வைத்தேன். கைக்கு அடிப்பக்கமும் அப்படியே. முன்னால் பார்த்தால் முழுக் கவுன். யார் வேண்டுமானாலும் நிமிடத்தில் போட்டுவிடலாம். மதாம் அதைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, பீரோவில் தொங்கவிட்டிருக்கிறார். இப்போது தினமும் நன்றாகத் தூங்குகிறாராம்.

அதிலிருந்து இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'மதாமுக்குச் செய்த மாதிரி' என்று எழுதிப் பையில் போடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

வார்த்தைப்பாடு எந்த மாதம் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன்.

அன்புத் தங்கை,
சிந்தியா


கொடைரோடு
19 ஜனவரி 2025

அன்புள்ள சிந்தியாவுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்திற்கு மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தை மதர் மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் வாசித்துவிட்டார்கள். இறந்தவர்களை நல்லபடி அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று சொன்னார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை. உனக்குப் பதினேழு வயது. கல்யாண ஜாக்கெட் தைக்க வேண்டிய கை. பயமாக இல்லையா?

வெண்டை பூத்திருக்கிறது.

ஜோவிதா


பொன்மாலை நகர்
16 பிப்ரவரி 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அத்தையும் சுகம். பயமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. மேட்டுப்பாளையம் ஹாலில்தான் பயமாக இருந்தது.

தைக்க வந்த துணிப்பைகளால் என் ட்ரங்குப் பெட்டி நிறைந்துவிட்டது. மிஷினுக்கு அடியில் அத்தையின் யோகா பாயைப் போட்டிருக்கிறேன், சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க.

போன வாரம் ஒருவர் பையை மாட்டாமல் கதவைத் தட்டிவிட்டார். திறந்தால் ஹேமலதா அம்மா. இந்தக் குடியிருப்பின் செகரட்டரி விஜயராகவன் சாரின் மனைவி. சார் பேங்க் மேனேஜராக இருந்தவர். விதிகளை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தவரே அவர்தான்.

"அத்த இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இல்லாத நேரம் பாத்துதாம்மா வந்தேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு அரக்குப் புடவையை எடுத்தார். மடிப்புக் கலையாத புதுசு. "இதுக்கு ஜாக்கெட். அந்த மாதிரி. தச்சு இந்தப் பொடவையோட நீயே வெச்சிரு. எங்கூட்டுக்கு எடுத்தாராத."

காரணத்தையும் அவரே சொன்னார்.

"எங்க பக்கம் பொம்பள செத்தா பொறந்த வூட்லேந்து கோடி வரணும். புருசன் வாங்கிக் குடுத்தது பீரோ ரொம்ப இருந்தாலும் அது ஆவாது. எனக்குப் பொறந்த வூட்ல ஆரும் இல்லம்மா. தம்பி ஒருத்தன் இருந்தான், போய்ட்டான். அவன் பொண்டாட்டி வூட்ட வித்துட்டு மகனோட எங்கியோ போய்ட்டா. நாளைக்கு எல்லாம் சுத்தி நின்னுக்குனு, பொறந்த வூட்டுக் கோடி எங்கன்னு கேப்பாங்க. இவரு திருதிருன்னு முழிப்பாரு. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்வாரு, அந்த எடத்துல நிக்கத் தெரியாது."

"உடம்புக்கு ஏதாவதுங்களா?" அக்கா, நானே கேட்டேன், வாய்விட்டு.

"ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்கேன். நல்லா இருக்கறப்பதான இதெல்லாம் பண்ண முடியும். சேதி வந்தா எடுத்துக்குனு வா. ஆருன்னு கேட்டா பொறந்த வூட்டு ஆளுன்னு சொல்லு. சொல்லுவியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க ஒரு தையலும் நேராக வரவில்லை.

மே மாதம் வார்த்தைப்பாடு என்று அம்மா சொல்கிறார்கள். நீ ஏன் எழுதவில்லை?

சிந்தியா


பொன்மாலை நகர்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை இந்தக் கடிதம் மதர் மேசையிலேயே இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

பதினான்காம் விதிப்படி அனுமதி வாங்கிய வீடுகளைக் கமிட்டி பார்வையிட வருகிறது என்று திடீரென்று நோட்டீஸ். அத்தை பதறிவிட்டார். "ஒரு நூல்கூட கண்ணுல படக்கூடாது. பெட்டியத் தொறந்து பாத்து என்னா ஏதுன்னு கேட்டா நான் என்னாத்த சொல்றது. அவங்கவங்க துணிய அவங்கவங்க வூட்ல சேத்துட்டு வா" என்றார்.

காலையில் எல்லோரும் வாக்கிங் போயிருந்த நேரம், பைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாட்டினேன். ஹேமலதா அம்மாவின் பையும் இருந்தது. வீட்டுக்கு எடுத்து வராதே என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அக்கா, நம் வீடுகளில் அடக்க உடையை அவரவர் பீரோவில்தானே வைத்துக்கொள்கிறார்கள். மதாம் லூயிஸ் அதைக் கொடியில் காயவே போட்டார். கொஞ்ச நாள் அவர் வீட்டில் இருந்தால் என்ன, பார்வையிட்டுப் போனதும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கதவில் மாட்டிவிட்டுத் திரும்பினேன்.

குரோட்டன்ஸ் செடி வைத்த திருப்பத்தில் செகரட்டரி சார் வருவது தெரிந்து அப்படியே நின்றுவிட்டேன். அவர் பையை எடுத்தார். பால் பாக்கெட் என்று நினைத்திருப்பார். உள்ளே கைவிட்டுப் புதுப்புடவையை எடுத்தார். பிறகு ஜாக்கெட்டை. அது கையில் விரிந்து, முதுகு இல்லாமல் தொங்கியது. பையில் ஹேமலதா என்று நான்தான் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன்.

அவர் அதைக் கீழே வைக்கவில்லை. உள்ளே கொண்டுபோகவும் இல்லை. கையை நீட்டி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே ஹேமலதா அம்மா மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை நின்றார். பிறகு பையோடு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அத்தையிடம் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி. கோடிய உயிரோட இருக்கறவ வூட்டு வாசல்லியா மாட்டுவ? அது எழவு வூட்டுக்கு மட்டும்தான்டி வரும்." எனக்குத் தெரியாது அத்தை என்றேன். "தெரியாதுதான். அந்த ஆளுக்குத் தெரியுமே" என்றார்.

மதியம் அந்தப் பை எங்கள் கேட் கம்பியில் மாட்டியிருந்தது. எடுத்து என் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கமிட்டி பார்வையிட வரவே இல்லை. அதற்குப் பதில் மீட்டிங் என்று அறிவித்திருக்கிறார்கள்.

சிந்தியா


பொன்மாலை நகர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தைய கடிதத்தோடு சேர்த்து இதையும் படிப்பாய்.

மீட்டிங் கிளப் ஹாலில் நடந்தது. நான் கடைசியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றேன். செகரட்டரி சார் அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். விதியை மட்டும் வாசித்தார். தொழிலை உறுப்பினரே செய்ய வேண்டும்.

"மேடம், தையல் பர்மிஷன் உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் தைக்கிறீங்களா?"

"ஆமா."

"மிஷின்ல ஒரு தையல் போட்டுக் காட்ட முடியுமா?"

"எனக்கு மனுசங்களுக்குத் தையல் போடத்தான் சார் தெரியும். கைய நீட்டுங்க, போட்டுக் காட்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப தைக்கிறது அந்தப் பொண்ணு. அது உறுப்பினர் இல்ல, உதவியாள். பொண்ணு உங்களோட இருக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. மிஷின் இருக்கக்கூடாது. யாராவது ஏதாவது சொல்றீங்களா?"

அந்த ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் தைத்திருக்கிறேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள், என்ன தைத்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டியிருக்குமே. மதாம் லூயிஸ் மட்டும் கையைத் தூக்கினார். ஏசியைக் குறைக்கச் சொன்னார். ஹேமலதா அம்மா வரவே இல்லை.

நானும் பேசவில்லை. அவரிடம் போய், நான் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. "சும்மா உக்காந்து சாப்புடறதுக்கு அங்க எதுக்கு? மேட்டுப்பாளையத்துல ஆள் எடுக்கறாங்க" என்று போனில் சத்தம். அத்தை என்ன சொல்லி நிறுத்தினாரோ தெரியவில்லை. எனக்குக் கை பரபரக்கிறது. ஊசி இல்லாமல் உட்கார முடியவில்லை. தலையணை உறையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்துக் கையாலேயே தைக்கிறேன்.

சிந்தியா


கொடைரோடு
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சிந்தியாவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இரண்டு கடிதங்களும் நேற்றுதான் கைக்கு வந்தன. திரும்பத் திரும்பப் படித்தேன்.

முன்பு போல இருந்தால் விதிக்குக் கீழ்ப்படி, அப்பாவிடம் திரும்பிப் போ என்று எழுதியிருப்பேன். எழுதவும் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ செய்தது தப்பு வேலை இல்லை. தப்பான கதவில் மாட்டிவிட்டாய், அவ்வளவுதான். மிஷின் உள்ளே இருக்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள். வெளியே?

வெண்டைப் பாத்தியை வேறு ஒரு சகோதரிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது துணி வெளுக்கும் வேலை.

ஜோவிதா


தேவதாஸ் ஜெராக்ஸ் கடை,
பொன்மாலை நகர் எதிரில்
18 மே 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசத்தைப் பார். 'வெளியே?' என்ற உன் ஒற்றை வார்த்தையை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். உடனே குச்சியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் தேவதாஸ் அண்ணன் நம் கோயிலுக்கு வருபவர். கடையில் பாதியைத் தடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா வந்து பார்த்தார். "ஜூன் வரைக்கும் பாரு. ஓடலன்னா வண்டி எடுத்தாந்து மிஷினோட ஏத்திக்குனு போயிருவேன்" என்றார்.

உள்ளே என்னென்ன கூடாதோ அதெல்லாம் இங்கே வேண்டும். "போர்டு இல்லாம கடை எப்பிடிம்மா?" என்று அண்ணன் போர்டு எழுதி மாட்டிவிட்டார். ரோட்டில் பஸ் போகிறது, மீன் வண்டி போகிறது, பைக்கில் போகிற ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மிஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். "ஆள் இல்லன்னு நெனச்சிப் போறாங்கம்மா" என்கிறார் அண்ணன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சுடிதார் கொண்டுவந்தாள். எத்தனை நாளில் கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் தேவதாஸ் அண்ணனே சொல்லிவிட்டார்.

என்னுடைய ஆட்கள் யாரும் வரவில்லை. காரணம் கேட் வாட்ச்மேன் சக்கரபாணி. சித்திரையில் ஒரு தாத்தா வழி தெரியாமல் ரோட்டில் வெகுதூரம் போய்விட்டாராம். அதிலிருந்து யார் வெளியே வந்தாலும் எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது விதி. சக்கரபாணிக்குக் காது மந்தம். "எங்கம்மா போறீங்க, எங்க?" என்று அவர் கத்துவது எனக்கே இங்கே கேட்கிறது. ஒரு பாட்டி பையோடு கேட் வரை வந்தார். சக்கரபாணி கேட்டார். பின்னால் நாலு பேர் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மருந்துக்கடை என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். என்னைத் தாண்டித்தான் போனார்.

மே மாதம் பாதி முடிந்துவிட்டது. வார்த்தைப்பாட்டுக்கு அழைப்பு வரவில்லை என்று அம்மா தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சிந்தியா


கொடைரோடு
8 ஜூன் 2025

அன்புள்ள சிந்தியாவுக்கு,

நலம். நீ இத்தனை முறை கேட்டும் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வார்த்தைப்பாட்டை ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டேன். கொடுத்தார்கள். ஏன் என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லை. தெரியாமல் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது மட்டும் தெரிகிறது. அப்பா அம்மாவுக்கு நானே எழுதிக்கொள்கிறேன். கோயிலில் பாடுகிறாயா என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். ஒரு வருடமாகப் பாடவில்லை.

நீ ரோட்டைப் பார்த்து உட்கார். பயமாக இருந்தால் பயந்துகொண்டே உட்கார்.

இதையும் மதர் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன் அக்கா,
ஜோவிதா


தேவதாஸ் ஜெராக்ஸ் கடை
6 ஜூலை 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கும், மதருக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்கு உன் கடிதம் வந்த அன்று அம்மா அழுதார்கள். மறுநாள், "தூரத்துல இருக்கா, வயித்துக்கு ஒழுங்கா சாப்புடறாளா கேளு" என்றார்கள். அதனால் கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ எங்கே போனாலும் எங்கே இருந்தாலும் எனக்கு எழுது.

ஜூன் முடிந்தது. போன திங்கட்கிழமை அப்பா மினி வேனோடு வந்துவிட்டார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "டீ குடிச்சிட்டு வந்துடறோம், நூலு கீலு எடுத்து வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு டிரைவரோடு எதிர் டீக்கடைக்குப் போனார். நான் மிஷினில் இருந்து நூல் கண்டைக் கழற்றினேன். அழுகை வரவில்லை. நீ சொன்னதிலிருந்து ரோட்டைப் பார்த்துத்தான் உட்காருகிறேன், அதனால் எதிரே கேட் நன்றாகத் தெரிந்தது.

ஹேமலதா அம்மா வந்தார். கையில் துணி வைத்த பை. பின்னால் செகரட்டரி சார், குடையோடு. மீட்டிங்கிற்குப் பிறகு அன்றுதான் இருவரையும் பார்க்கிறேன். வாக்கிங் போகிறவர்கள் நின்றார்கள். சக்கரபாணி எழுந்து சல்யூட் அடித்துவிட்டு, சாரின் மனைவி ஆயிற்றே என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விதி விதிதான் என்று நினைத்திருப்பார்.

"அம்மா எங்க போறாங்க சார்?" அதே சத்தம்.

செகரட்டரி சார் குடையை மடக்கினார். ஹேமலதா அம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், தான் சொல்லவில்லை.

"பொறந்த வூட்டுக்குப் போறாங்க" என்றார் சார்.

"எங்க சார்?"

"அவங்க பொறந்த வூட்டுக்குப்பா. அதோ." போர்டைக் கையால் காட்டினார். ரோட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என் கடையைப் பார்த்தார்கள்.

அம்மா என்னிடம் சொன்ன அந்த வார்த்தையை அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சார் கேட்டைத் தாண்டி வரவில்லை. அங்கேயே நின்றார். ஹேமலதா அம்மா மட்டும் ரோட்டைக் கடந்து வந்து, கடைக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றார். உள்ளே ஏறவில்லை. என்னைப் பார்த்தபடி சும்மா நின்றார். ஏன் நிற்கிறார் என்று முதலில் புரியவில்லை. தேவதாஸ் அண்ணன் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்தமுறை அவர் எனக்காகப் பேசவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றால் அவளாக உள்ளே வரமாட்டாள், அக்கா. வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும். அது அவர்கள் வழக்கம் மட்டுமில்லை, நம் வழக்கமும்தான். பெரிய பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தால் அவர் திரும்பிவிடுவாரோ என்று தோன்றியது.

"வாங்கம்மா" என்றேன். "உள்ள வாங்க."

பஸ் சத்தத்துக்கு மேலே சொன்னேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் அப்பா டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே கேட்டில் இன்னும் மூன்று பேர் பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதில் ஒருவர் ஆண். சக்கரபாணிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விடுகிறார். மினி வேன் திங்கட்கிழமையே காலியாகப் போய்விட்டது. அப்பா போகும்போது ஒரு பேன்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனார், இடுப்பில் எலாஸ்டிக் வைக்கச் சொல்லி.

வேலை இருக்கிறது, முடிக்கிறேன். சாப்பிட்டாயா என்று எழுது.

உன் தங்கை,
சிந்தியா